உறக்கமும் பாடவேளைதான்

6 வயது முதல் 12 வயது வரையிலான குழந்தைக்கு நாள்தோறும் 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும். அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2016இல் வெளியிட்ட பரிந்துரை இது. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 3 முதல் 5 வயதுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த அளவுகளும் ஏறத்தாழ இவையே. எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதால்தான் இவை ஒற்றை எண்ணாக இல்லாமல் ஒரு வரம்பாகச் சொல்லப்படுகின்றன. ஆனால், தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 9 மணி நேரம் என்பது அந்த வரம்பின் அடித்தளம். அதிலிருந்து இறங்கினால் குழந்தைக்கு இழப்புதான்.

இந்த எண்ணை ஒரு சாதாரண வீட்டின் மாலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். காலை 7.15க்குப் பள்ளி வேன் தெருமுனைக்கு வந்துவிடும் என்றால், குழந்தை 6 மணிக்காவது எழ வேண்டும். 9 மணி நேரம் வேண்டுமென்றால் இரவு 9 மணிக்கு உறங்கிப் போயிருக்க வேண்டும். 10 மணி நேரம் தேவைப்படும் குழந்தை என்றால் 8 மணிக்கு. படுத்த உடனே யாருக்கும் கண் அசந்துவிடுவதில்லை. ஆகவே, 8.30க்குப் பாய் விரித்து, விளக்கை அணைத்தாக வேண்டும். அதற்குமுன் சாப்பாடு, பல் துலக்கல், மறுநாள் பையை அடுக்குதல். அப்படியானால் இரவுச் சாப்பாடு 7.30க்கு. டியூஷனோ ஹிந்தி வகுப்போ கராத்தேயோ முடிந்து குழந்தை வீடு திரும்புவதே அந்த நேரத்துக்குத்தான். வீட்டுப்பாடம் அப்போதுதான் தொடங்குகிறது. இந்தக் கணக்கில் எந்த வரியையும் குழந்தை எழுதவில்லை. வேன் வரும் நேரம், டியூஷன் நேரம், சாப்பாட்டு நேரம், தொலைக்காட்சி அணையும் நேரம் எல்லாம் பெரியவர்கள் வகுத்தவை. எஞ்சிய நேரத்தில் உறங்கிக்கொள் என்று மட்டுமே குழந்தையிடம் சொல்லப்படுகிறது.

உறக்கத்தில் நடப்பவை

உறக்கம் என்பது மூளை வேலையை நிறுத்திவைக்கும் நேரம் என்றே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான அறிவியலாளர்கள் கருதினார்கள். அந்த எண்ணத்தை உடைத்ததில் ஒரு பள்ளிச் சிறுவனுக்குப் பங்குண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, 1951இன் இறுதியில் தன் எட்டு வயது மகனின் கண்ணருகிலும் தலையிலும் மின்முனைகளை ஒட்டிப் படுக்கவைத்து, பக்கத்து அறையில் பழைய பதிவுக் கருவி ஒன்றின் முன் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். மகன் உறங்கிச் சில மணி நேரம் கழித்துக் கருவியின் பேனாக்கள், விழித்திருப்பவரின் கண்ணசைவைப் பதிவதைப் போல, அப்படியும் இப்படியும் வேகமாக ஆடத் தொடங்கின. பையன் விழித்துவிட்டான் என்று எண்ணி அவர் எழுந்துபோய்ப் பார்த்தார். அவன் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தான். மூடிய இமைகளுக்குள் கண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவரும் அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளைட்மேனும் 1953இல் இதை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். துரித விழியசைவு உறக்கம் என்று இன்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். கனவுகள் பெரிதும் வருவது இந்தக் கட்டத்தில்.

ஓர் இரவின் உறக்கம் பல சுற்றுகளால் ஆனது. பிறந்த குழந்தைக்கு ஒரு சுற்று ஏறக்குறைய 50 நிமிடம்; பள்ளி செல்லும் வயதில் அது படிப்படியாகப் பெரியவர்களின் 90 நிமிடத்தை நெருங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேலோட்டமான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், துரித விழியசைவு உறக்கம் ஆகியவை மாறி மாறி வருகின்றன. ஆனால், எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி அல்ல. இரவின் முதல் பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. விடியலை நெருங்க நெருங்கத் துரித விழியசைவு உறக்கம் நீள்கிறது. ஆழ்ந்த உறக்கம் குழந்தைப் பருவத்தில்தான் மிக அதிகம். பதின்ம வயதில் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தூங்கும் ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறி, இறங்கி, வீட்டுக்கு வந்து படுக்கவைத்தாலும் அது விழிக்காததற்குக் காரணம் இந்த ஆழமே. வளர்ச்சி ஹார்மோன் இரவில் பெருமளவு சுரப்பதும் இந்த ஆழ்ந்த உறக்கத்தோடு ஒட்டித்தான்.

தேர்வுக் காலத்தில் குழந்தையை விடியற்காலை 4.30க்கு எழுப்பிப் படிக்கவைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் மிகப் பழையது. அதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வழக்கம் உருவான காலத்தில் ஊர் எட்டு மணிக்கு அடங்கியது. விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் சாப்பிட்டு, ஏழரை எட்டுக்குப் படுத்த குழந்தை 4.30க்கு எழுந்தாலும் தேவையான அளவை ஓரளவு உறங்கியிருந்தது. இரவு 10.30க்குப் படுக்கவிட்டுப் பழைய நேரத்துக்கே எழுப்பினால் கிடைப்பது ஆறு மணி நேரம். வெட்டப்படுவதும் இரவின் கடைசிப் பகுதி, அதாவது துரித விழியசைவு உறக்கம் நிறைந்த பகுதி. அதிகாலைப் படிப்பில் குறையொன்றும் இல்லை. ஆனால், அது முந்தைய மாலையிலேயே தொடங்க வேண்டிய ஏற்பாடு.

பகலில் கற்றது இரவில் தங்குகிறது

பள்ளிப் படிப்போடு உறக்கத்துக்கு உள்ள உறவு, களைப்பு நீங்கிப் புத்துணர்ச்சியோடு வகுப்புக்குப் போவது என்பதோடு முடிவதில்லை. பகலில் கற்றவற்றை மூளை உறக்கத்தில்தான் அடுக்கி நிலைப்படுத்துகிறது. இங்கிலாந்தில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சொற்களைக் கொண்டே காட்டியது. 7 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு, தெரிந்த சொல்லைப் போலவே ஒலிக்கும், ஆனால் பொருளில்லாத புதுச் சொற்கள் கற்பிக்கப்பட்டன. பிஸ்கட் என்பதைப் போல ‘பிஸ்கல்’ என்று ஒரு சொல். ஒரு பிரிவினர் காலையில் கற்று, பகல் முழுதும் விழித்திருந்து, மாலையில் சோதிக்கப்பட்டார்கள். மற்றவர்கள் மாலையில் கற்று, இரவு உறங்கி, காலையில் சோதிக்கப்பட்டார்கள். இரு பிரிவினருக்கும் இடைவெளி ஒன்றுதான், 12 மணி நேரம். உறங்கி எழுந்தவர்களுக்குச் சொற்கள் முன்பைவிடக் கூடுதலாக நினைவுக்கு வந்தன. விழித்திருந்தவர்களுக்கு அப்படி நேரவில்லை. அந்தப் பிரிவினருக்கும் ஓர் இரவு உறங்கிய பிறகே முன்னேற்றம் தெரிந்தது. வீட்டில் காதில் விழாத ஆங்கிலத்தைப் பள்ளியில் மட்டுமே சந்திக்கும் குழந்தைக்கு இந்த ஆய்வின் பொருள் பெரிது. ஆங்கிலப் பாடத்தின் புதுச்சொல் பட்டியலை இரவு பத்து மணிக்குப் பத்து முறை எழுதவைப்பதைவிட, இரண்டு முறை வாசிக்கவைத்து ஒன்பதுக்குள் உறங்கவிடுவது அந்தச் சொற்களுக்கே நல்லது.

ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் 8 முதல் 11 வயதுக் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்டார்கள். பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தும் வேலை தரப்பட்டது. வரிசை இன்னதென்று யாருக்கும் சொல்லப்படவில்லை. கை தானாகப் பழகிக்கொண்ட அந்த வரிசையை, ஓர் இரவு உறக்கத்துக்குப் பிறகு வெளிப்படையாகச் சொல்லிக்காட்டியதில் குழந்தைகள் பெரியவர்களை மிஞ்சினார்கள். அவர்களுடைய ஆழ்ந்த உறக்கத்தின் மிகுதியை ஆய்வாளர்கள் இதோடு தொடர்புபடுத்தினார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பது, வாய்ப்பாடு, தாளம் போன்றவையெல்லாம் பழக்கத்தில் தொடங்கி அறிவாகத் தெளிபவை என்பதை நினைத்தால், குழந்தையின் உறக்கத்துக்குப் பெரியவர்களின் உறக்கத்தைவிடக் கூடுதல் வேலை இருப்பது விளங்கும்.

எவ்வளவு குறைந்தால் வித்தியாசம் தெரியும்? டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் அவி சாதே 2003இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 77 பேர் மூன்று இரவுகள் ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ படுக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அந்தச் சிறு மாற்றமே நினைவு, கவனம் குறித்த சோதனைகளில் இரு பிரிவினரிடையே வித்தியாசத்தைக் காட்டியது. மான்ட்ரியாலில் ரெயூட் குரூபர் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள் சராசரியாக 27 நிமிடம் கூடுதலாக உறங்கினார்கள். இன்னொரு பிரிவினர் 54 நிமிடம் குறைவாக. யார் எந்தப் பிரிவு என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது. கூடுதலாக உறங்கிய பிள்ளைகளின் அமைதியின்மையும் உணர்ச்சிக் கொந்தளிப்பும் குறைந்ததாகவும், குறைவாக உறங்கியவர்களுக்கு அவை கூடியதாகவும் ஆசிரியர்கள் மதிப்பிட்டார்கள். வித்தியாசம் அரை மணி நேரத்தில் தெரிகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

உறக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து கொட்டாவி விடுவார். குழந்தை பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. அது துருதுருவென்று இடம் மாறும், சிறு சொல்லுக்குச் சிணுங்கும், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டும், ஒரு பத்தியை வாசித்து முடித்ததும் முதல் வரி மறந்து நிற்கும். வகுப்பில் இந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் பெயர் சேட்டைக்காரன் அல்லது கவனமில்லாதவள். வாசித்துப் பொருள் கொள்வதற்கு ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போக வேண்டும். உறக்கக் குறைவு முதலில் பறிப்பது அந்தத் திறனைத்தான். குறையைக் குழந்தையின் அறிவிலோ குணத்திலோ தேடும்முன், அது நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தது என்று கேட்கும் பழக்கம் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வர வேண்டும்.

ஒரே நேரத்துக்குப் படுப்பது

எவ்வளவு நேரம் என்பதைப் போலவே, நாள்தோறும் ஒரே நேரத்தில் படுக்கிறதா என்பதும் முக்கியம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த யுவோன் கெல்லியும் உடன் ஆய்வாளர்களும், 2000ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த பிரிட்டன் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் பெரிய ஆய்வின் தரவுகளிலிருந்து, 11,000க்கும் மேற்பட்ட ஏழு வயதுக் குழந்தைகளைப் பற்றி 2013இல் எழுதினார்கள். 3, 5, 7 ஆகிய வயதுகளில் படுக்கும் நேரம் ஒழுங்காக இருந்ததா என்று பெற்றோரிடம் கேட்கப்பட்டிருந்தது. நேரம் தாறுமாறாக இருந்த குழந்தைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், வாசிப்பு, கணக்கு, இடவுணர்வுச் சோதனைகளில் பின்தங்கியிருந்தார்கள். மூன்று வயதிலிருந்தே ஒழுங்கின்மை தொடர்ந்திருந்தால் பாதிப்பும் சேர்ந்துகொண்டே போனது. அதே ஆண்டில் வெளியான அவர்களுடைய இன்னொரு கட்டுரை நடத்தைச் சிக்கல்களை ஆராய்ந்தது. அதில் நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு: ஒழுங்கற்ற நேரத்திலிருந்து ஒழுங்கான நேரத்துக்கு மாறிய குழந்தைகளின் நடத்தை மேம்பட்டிருந்தது.

இவை உடனிகழ்வைக் காட்டும் ஆய்வுகள். படுக்கும் நேரமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்பவை அல்ல. நேரம் தாறுமாறாக இருக்கும் வீட்டில் வருமானமும் வேலை நேரமும்கூடத் தாறுமாறாக இருக்கலாம். ஆய்வாளர்கள் அவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் தொடர்பு எஞ்சியது. முன்பு பார்த்த அவி சாதேயின் மூன்று இரவுச் சோதனையின் முடிவோடு சேர்த்துப் படிக்கும்போது, நேர ஒழுங்கைப் புறக்கணிக்க நியாயம் ஏதுமில்லை.

எந்த நாட்டில் குழந்தைகள் எப்போது படுக்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜோடி மிண்டெல் தலைமையிலான குழு 2010இல் 17 நாடுகளில் ஒப்பிட்டது. மூன்று வயது வரையிலான 29,287 குழந்தைகள். நியூசிலாந்தில் சராசரியாக இரவு ஏழரை மணி அளவில் படுக்கைக்குப் போனார்கள், ஹாங்காங்கில் 10.17க்கு. இந்தியாவும் இடம்பெற்றிருந்த அந்தப் பட்டியலில் ஆசிய நாடுகளின் குழந்தைகள் பொதுவாகத் தாமதமாகப் படுத்தார்கள், குறைவாகவும் உறங்கினார்கள். ஆசியக் குழந்தைகள் பெரும்பாலும் பெற்றோரின் அறையிலேயே படுப்பதை இதற்குக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பாட்டியின் பக்கத்தில் பாயில் படுக்கும் குழந்தைக்குத் தனியறைக் குழந்தையைவிட அச்சம் குறைவு. அதே அறையில் பெரியவர்களின் விளக்கும் பேச்சும் கைப்பேசியும் ஓயாமல் இருப்பதுதான் சிக்கல். பெரியவர் உறங்கும்போதுதான் குழந்தையும் உறங்க முடிகிறது.

படுக்கைக்குமுன் நாள்தோறும் ஒரே வரிசையில் நடக்கும் சில சிறு செயல்கள் உறக்கத்தை எளிதாக்கும் என்பதையும் மிண்டெல் குழு காட்டியது. 14 நாடுகளைச் சேர்ந்த 10,085 தாய்மாரிடம் திரட்டி 2015இல் வெளியிட்ட தகவலின்படி, வாரத்தில் எத்தனை இரவுகள் அந்த வரிசை கடைப்பிடிக்கப்பட்டதோ அந்த அளவுக்குக் குழந்தைகள் முன்னதாகவும் விரைவாகவும் உறங்கினார்கள். இடையில் விழிப்பதும் குறைந்தது. வெந்நீரில் கைகால் கழுவிவிட்டு, மாற்றுடை உடுத்தி, ஒரு கதை சொல்லி, தட்டிக்கொடுத்து உறங்கவைப்பது தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. தூளிப் பருவம் முடிந்ததும் அதைக் கைவிட்டுவிடுகிறோம். பத்து வயது வரையாவது அது தொடர வேண்டும். கதை சொல்லத் தெரியாதவர் ஒரு புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் வாசித்தால் போதும், தமிழோ ஆங்கிலமோ. குழந்தை வாசிப்பை விரும்பத் தொடங்குவதற்கும் அதைவிட நல்ல நேரமில்லை.

அந்தியும் விளக்கும்

உறக்கம் வருவதை இரண்டு விசைகள் தீர்மானிக்கின்றன என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பேலி வகுத்த விளக்கம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக் கூட ஏறும் உறக்க அழுத்தம். மற்றது, மூளையில் உள்ள உயிர்க் கடிகாரம். கண்ணுக்குள் விழும் ஒளியைக் கொண்டுதான் அந்தக் கடிகாரம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அந்தி சாய்ந்து ஒளி மங்கியதும் மெலடோனின் சுரக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன் அது. ஒளி தொடர்ந்தால் சுரப்பு தள்ளிப்போகிறது.

குழந்தையின் கண்பாவை பெரிது, விழிவில்லை தெளிவானது. ஆகவே, அதே விளக்கிலிருந்து பெரியவரின் கண்ணுக்குள் போவதைவிடக் கூடுதல் ஒளி குழந்தையின் கண்ணுக்குள் போகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மோனிக் லெபூர்ஜுவா குழு 2018இல் வெளியிட்ட சிறு ஆய்வில், பள்ளி செல்லாத வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் படுக்கைக்குமுன் ஒரு மணி நேரம் பிரகாசமான விளக்குப் பலகையின் மேல் படம் வரைந்து விளையாடினார்கள். மெலடோனின் ஏறக்குறைய 88 விழுக்காடு அடங்கிப்போனது. விளக்கை அணைத்து 50 நிமிடம் கழித்தும் அது மீளவில்லை. முகத்துக்கு மிக அருகில் பிடிக்கும் கைப்பேசி அந்தப் பலகையைவிட மங்கல்தான். ஆனால், ஒளியோடு பரபரப்பையும் அது கொண்டுவருகிறது. ஒரு காணொளி முடியும்முன் அடுத்தது தொடங்கிவிடுகிறது, நிறுத்தும் இடம் வருவதே இல்லை. இரண்டு முதல் ஐந்து வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரமும் மாலை விளக்கு வைப்பதற்குமுன் முடிந்துவிட வேண்டும்.

ஒளிக்கும் உறக்கத்துக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை இந்தியாவின் நில அமைப்பைக் கொண்டே மௌலிக் ஜக்னானி என்ற பொருளியலாளர் ஆராய்ந்திருக்கிறார். நாடு முழுவதற்கும் ஒரே நேரம், 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. ஆனால், கிழக்கு எல்லையில் சூரியன் மறைந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்தே மேற்கு எல்லையில் மறைகிறது. பள்ளி மணியோ எங்கும் கடிகாரப்படி அடிக்கிறது. சூரியன் தாமதமாக மறையும் இடங்களில் குழந்தைகள் தாமதமாகப் படுக்கிறார்கள். எழுவது மட்டும் தாமதமாவதில்லை. ஒரு மணி நேரம் தாமதமாகச் சூரியன் மறைந்தால் குழந்தையின் உறக்கம் சராசரியாக அரை மணி நேரம் குறைகிறது என்றும், காலப்போக்கில் அது 0.8 ஆண்டுப் பள்ளிப் படிப்பு இழப்பாகத் தெரிகிறது என்றும் அவர் கணக்கிட்டார். அடி பலமாக விழுவது ஏழைக் குடும்பங்களின் மேல்.

தமிழ்நாடு இந்த வகையில் கொடுத்துவைத்த நிலம். சென்னையில் நவம்பரில் மாலை 5.40 அளவிலும், ஜூலையில்கூட 6.40 அளவிலும் சூரியன் மறைந்துவிடுகிறது. குழந்தைகள் எட்டரைக்கு உறங்குவதற்கு வானம் ஒத்துழைக்கிறது. குழல்விளக்கும் திரையும் அந்த வரத்தைத் தின்றுவிடுகின்றன.

வீட்டுப்பாடம், தேநீர், புழுக்கம்

மாலையை நீட்டும் காரணங்களில் முதலில் குறைக்கக்கூடியது வீட்டுப்பாடம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது; மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். வாரத்துக்கு, நாளுக்கல்ல. இந்த அளவை மீறும் பள்ளிகளிடம் பெற்றோர் இதை எடுத்துக்காட்டிக் கேட்கலாம். நடைமுறையில் நிறைய வீட்டுப்பாடம் தரும் பள்ளியே நல்ல பள்ளி என்று பெற்றோர் நம்புவதும், அந்த நம்பிக்கைக்காகப் பள்ளிகள் எழுதவைப்பதும் மாறாத வரை உத்தரவுகள் தாளிலேயே இருக்கும்.

அடுத்தது தேநீர். பள்ளி விட்டு வந்ததும் பெரியவர்களோடு சேர்ந்து டீயோ காபியோ குடிக்கும் குழந்தைகள் இங்கே நிறைய. காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் அளவுக்கு ஆகும். எடை குறைந்த உடலில் சிறு கோப்பையும் பெரிய அளவுதான். மாலையில் பால், மோர், சுண்டல் போதும். ஆறு மணிக்கு மேல் அசதியில் போடும் குட்டித் தூக்கமும் இரவு உறக்கத்தைத் தள்ளிவிடும். அப்படி நாள்தோறும் கண் சொருகினால் இரவு உறக்கம் போதவில்லை என்று பொருள். வார நாளில் இழந்ததை ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை உறங்கி ஈடுகட்டினால் அன்றிரவு உறக்கம் வராது. திங்கள் காலை அழுகையில் தொடங்கும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நேரத்தை ஒழுங்குபடுத்தினாலும் உறங்கும் இடம் சரியில்லாத வீடுகள் உண்டு. சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியான ஆய்வு பெரியவர்களைப் பற்றியது என்றாலும் இங்கே பொருந்தும். அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள்; கையில் கட்டிய கருவி காட்டிய உறக்கமோ ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, இரைச்சல், இட நெருக்கடி என்று இடையிடையே எழுப்பிவிடும் காரணங்கள் பல. மெத்தை, விசிறி, காதடைப்பான் முதலியவற்றோடு ஊக்கமும் தந்து இரவு உறக்கத்தை 27 நிமிடம் கூட்ட முடிந்தது. ஆனால் வேலைத்திறனில் மாற்றம் தெரியவில்லை. பணியிடத்தில், அமைதியான இடத்தில் அரை மணி நேரம் உறங்கவைத்தபோதுதான் பலன் தெரிந்தது. உறக்கத்தின் நீளத்தோடு தரமும் கணக்கில் வரும் என்பதற்கு நம் ஊரிலிருந்தே கிடைத்த சான்று இது. அந்தப் பெரியவர்களின் குழந்தைகளும் அதே அறையில்தான் படுக்கிறார்கள். அவர்களுக்குப் படுக்கும் நேரத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதைவிடக் கொசுவலையும் ஒரு மின்விசிறியும் இரவு முழுதும் தடையில்லா மின்சாரமும் முந்தி வர வேண்டும். அந்தப் பொறுப்பு அரசினுடையது.

குறட்டையும் அலறலும்

சில குழந்தைகள் வேண்டிய நேரம் படுத்தும் உறங்கியதாக இருப்பதில்லை. பெரும்பாலான இரவுகளில் குறட்டை விடுவது, வாயால் மூச்சுவிடுவது, மூச்சு நின்று பிறகு திணறி இழுப்பது போன்றவை தொண்டைச் சதையோ மூக்கின் பின்புறச் சதையோ வீங்கி மூச்சுப் பாதையை அடைப்பதன் அறிகுறியாக இருக்கலாம். குறட்டையை ஆழ்ந்த உறக்கம் என்று எண்ணி மகிழக் கூடாது. காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், சதை நீக்க அறுவை சிகிச்சை உறக்கத்தையும் நடத்தையையும் மேம்படுத்தியது. கவனச் சோதனை மதிப்பெண்களில் மட்டும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. எல்லாக் குழந்தைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது என்பதும் அதே ஆய்விலிருந்து தெரிகிறது.

படுத்து ஒன்று இரண்டு மணி நேரத்தில் குழந்தை திடீரென அலறி எழுந்து உட்கார்ந்து, யாரையும் அடையாளம் தெரியாமல் விழித்து, சில நிமிடத்தில் மீண்டும் உறங்கிவிடும். காலையில் அதற்கு ஒன்றும் நினைவிருக்காது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி விழிக்கும் நிலை இது; பயந்த கோளாறு அல்ல. திருநீறு பூசித் தட்டிக்கொடுப்பதில் குறையில்லை. உலுக்கி எழுப்புவதும் மறுநாள் அதையே விசாரிப்பதும் வேண்டாம். உறக்கம் குறைந்த நாள்களில் இது கூடுதலாக வரும் என்பதால் முன்னதாகப் படுக்கவைப்பதே முதல் மருந்து. படுக்கையை நனைப்பதும் இப்படித்தான். ஐந்து வயதில் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அது உண்டு. வயது ஏற ஏறப் பெரும்பாலானோருக்கு நின்றுவிடும். அதற்காக அடிப்பதும் பிறர் முன் சொல்லிச் சிரிப்பதும் கொடுமை.

பள்ளி மணி

குழந்தையின் உறக்கத்தைப் பள்ளி தொடங்கும் நேரம் காலைப் பக்கத்திலிருந்து வெட்டுகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதி யு.யு. லலித் 2022 ஜூலையில் தன் அமர்வை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக, 9.30க்குத் தொடங்கியபோது, குழந்தைகளே ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போகிறார்களே என்று எடுத்துக்காட்டினார். நீதிபதிகளைச் சீக்கிரம் வரவைப்பதற்கு அது நல்ல வாதம். குழந்தைகள் ஏன் ஏழு மணிக்குப் போக வேண்டும் என்ற கேள்வி அப்போது எழவில்லை. அதை மகாராஷ்டிரத்தின் அன்றைய ஆளுநர் ரமேஷ் பயஸ் 2023 டிசம்பரில் எழுப்பினார். நான்காம் வகுப்பு வரையிலான வகுப்புகளை 9 மணிக்குமுன் தொடங்கக் கூடாது என்று அம்மாநில அரசு 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. கலிபோர்னியா மாநிலம் 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகளை 8.30க்குமுன் தொடங்கவிடுவதில்லை, அங்கே காரணம் பதின்ம வயதில் உயிர்க் கடிகாரம் தாமதமாக ஓடத் தொடங்குவது.

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் பொதுவாக ஒன்பது மணியையொட்டித் தொடங்குபவை. பள்ளி பக்கத்திலேயே இருப்பதால் பயண நேரமும் குறைவு. நெருக்கடி தொலைவிலிருந்து வேனில் குழந்தைகளைத் திரட்டும் தனியார் பள்ளிகளில். ஒரே வேன் இரண்டு மூன்று நடை போவதால், முதல் நடையில் ஏறும் குழந்தை வகுப்பு தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை 9 மணி என்ற விதியைத் தமிழக அரசும் எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுவரலாம். சிறு குழந்தைகளை முதல் நடையில் ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையை அதோடு சேர்த்தால்தான் விதி பலன் தரும்.

ஜப்பானின் கல்வி அமைச்சகம் 2006 முதல் சீக்கிரம் உறங்கு, சீக்கிரம் எழு, காலை உணவு சாப்பிடு என்ற இயக்கத்தைப் பள்ளிகள் வழியாக நடத்திவருகிறது. படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குழந்தைகளே அட்டையில் குறித்துவருவது அங்கே பல பள்ளிகளில் வழக்கம். காலை உணவைத் தமிழ்நாடு 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் தரத் தொடங்கிவிட்டது. உறக்கம் இன்னும் பள்ளியின் கவனத்துக்கு வரவில்லை. அதற்குப் பெரிய செலவும் இல்லை. முதல் பருவத்தின் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணுக்குமுன் படுக்கும் நேரத்தைப் பற்றிப் பேசலாம். மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுக்கள், பல், கண், இரத்தசோகை பார்ப்பதோடு, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாய், வீட்டில் நீ குறட்டை விடுவதாகச் சொல்கிறார்களா என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டு, விடையைப் பெற்றோருக்கு எழுதி அனுப்பலாம்.